கொட்டகையில் நிற்கும் அம்பாசிடர்

போன மாசம் கங்கைகொண்ட சோழபுரம் கோயில் பார்க்க வந்த சென்னைத் தம்பி ஒருத்தர், முந்திரிப்பருப்பு வாங்கணும்னு நம்ம வீட்டுக்கும் வந்தார். பருப்பை எடை போட்டுக்கொண்டிருக்கும்போது அவர் கண்ணு கொட்டகைப் பக்கம் போயிடுச்சு. டிராக்டருக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்ததை அவரே போய்த் தூக்கிப் பார்த்தார்.

"அண்ணே, இது மார்க் ஃபோர்தானே?"

"ஆமாங்க தம்பி. டீசல் வண்டி. எங்க பெரியப்பா வாடகைக்கு ஓட்டினது."

பானெட்டைத் தடவினார். ஹேண்ட் கியரைப் பிடித்துப் பார்த்தார். முன்சீட்டில் உட்கார்ந்து போட்டோ எடுக்கச் சொன்னார். எலி கடித்த சீட்டு, பார்த்து உட்காருங்கன்னு சொன்னேன், காதில் விழவில்லை. கடைசியில் ஒரு விலையும் கேட்டார். ஏதோ ரிசார்ட் வாசலில் பெயிண்ட் அடித்து நிறுத்தப்போகிறார்களாம், கல்யாண ஜோடிகள் போட்டோ எடுத்துக்க. யோசிச்சுச் சொல்றேன் என்றேன். கிளம்பும்போது, "இப்படி ஒரு வண்டிய சாகடிச்சிட்டாங்களேண்ணே" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

பருப்புக் காசை எண்ணி உள்ளே வைத்துவிட்டேன். அந்த வாக்கியம் மட்டும் ஒரு வாரமா மண்டைக்குள்ளேயே கிடக்குது. அதற்குப் பதில் எழுதத்தான் இந்தப் பதிவு. எனக்குத் தெரிந்து அம்பாசிடரை யாரும் சாகடிக்கவில்லை. பெற்றவர்களே சோறு போடாமல் விட்டுவிட்டார்கள்.

முதலில் இந்த வண்டி எங்களுக்கு என்னவாக இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நகரத்தில் இருப்பவர்களுக்கு அம்பாசிடர் என்றால் மந்திரி கார், கலெக்டர் கார், தி.நகர் நினைவு இல்லத்தில் நிற்கும் எம்.ஜி.ஆர். கார். எங்க ஊர் பெருசுகளுக்கு அது "பிளசர்". எந்தக் காராக இருந்தாலும் பிளசர்தான், ஆனால் அவர்கள் பார்த்ததில் பத்துக்கு ஒன்பது அம்பாசிடர். பெரியப்பா 1988இல் பழைய வண்டியாக வாங்கி ஜெயங்கொண்டம் ஸ்டாண்டில் போட்டார். சவாரி என்பது மூன்று வகை. கல்யாணம், ஆஸ்பத்திரி, சாவு. நடுவில் எப்போதாவது திருப்பதி, பழனி.

கல்யாணத்துக்குப் போனால் பதினோரு பேர் ஏறுவார்கள். முன்னால் நீள சீட்டு, கியர் ஸ்டியரிங் பக்கத்தில் இருப்பதால் நடுவில் ஒருத்தர் கால் நீட்டிக்கூட உட்காரலாம். டிரைவர் பாதி கதவுக்கு வெளியே தொங்குவார். என் அக்காவுக்கு ராத்திரி ஒரு மணிக்கு வலி எடுத்தபோது அந்தப் பின்சீட்டில்தான் படுக்கவைத்து, மீன்சுருட்டி, அணைக்கரைப் பாலம் எல்லாம் தாண்டி கும்பகோணம் கொண்டுபோனோம். 108 ஆம்புலன்ஸ் எல்லாம் அப்போது கனவுகூட இல்லை. அம்மா மடியில் தலை, அத்தை மடியில் கால், அந்த அகலம் இருந்த சீட்டு வேறு எந்த வண்டியிலும் கிடையாது. அன்றைக்குப் பிறந்த பயல் இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். அவனுக்கு இந்த வண்டி மேல் ஒரு பாசமும் இல்லை, "அந்த டப்பாவ எடைக்குப் போடுங்க மாமா" என்கிறான்.

கெட்ட சேதியும் அதில்தான் வந்தது. 1990களில் பழுப்பு நிலக்கரிக்கு நிலம் எடுக்க எங்க பக்கத்துக் கிராமங்களுக்கு அதிகாரிகள் வந்தார்களே, அவர்கள் இறங்கியதும் வெள்ளை அம்பாசிடரில் இருந்துதான். தெருமுனையில் வெள்ளை வண்டி திரும்பினாலே சில வீட்டில் கதவைச் சாத்துவார்கள். அது தனிக்கதை, அப்புறம் ஒரு நாள் எழுதறேன். சொல்ல வந்தது என்னன்னா, எங்களுக்கு இந்த வண்டி மேல் இருப்பது உங்களுக்கு இருக்கிற மாதிரி வெறும் பாசம் இல்லை. பாசமும் பயமும் கலந்து இருக்கும்.

சரி, வண்டியின் வம்சத்துக்கு வருவோம். இது இந்தியக் கார் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறோம். பிறந்த இடம் இங்கிலாந்து. ஆக்ஸ்போர்டு நகரத்துக்குப் பக்கத்தில் கௌலி என்ற இடத்தில் மோரிஸ் கம்பெனி இருந்தது. அவர்கள் 1913இலேயே மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற பெயரில் கார் விற்க ஆரம்பித்துவிட்டார்கள். நடுத்தரக் குடும்பத்துக்கான கார் அது. நம்ம ஊரில் பிர்லா குடும்பத்தின் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942இல் தொடங்கியது. முதலில் குஜராத்தில் ஓகா துறைமுகத்தில் இருந்து, பிறகு கல்கத்தா பக்கத்தில் உத்தர்பாராவுக்கு மாறினார்கள். மோரிஸின் கார்களை ஒவ்வொன்றாக வாங்கி இங்கே பெயர் மாற்றி ஓட்டினார்கள். மோரிஸ் டென் என்பது இங்கே இந்துஸ்தான் டென். அடுத்த ஆக்ஸ்போர்டு இந்துஸ்தான் 14 ஆனது. அதற்கடுத்த இரண்டாம் சீரிஸ் ஆக்ஸ்போர்டு 1954இல் லேண்ட்மாஸ்டர் ஆனது. மூன்றாம் சீரிஸ் ஆக்ஸ்போர்டு 1957இல் அம்பாசிடர் ஆனது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. 1942இலிருந்து 1957 வரை பதினைந்து வருஷத்தில் நான்கு கார் மாறியிருக்கிறது. அதாவது அதுவரை நம்மவர்களும் இங்கிலாந்துக்காரனோடு கூடவே ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள். 1957க்குப் பிறகு ஓட்டம் நின்றது. அந்த உடம்பு 2014 மே மாசம் உத்தர்பாரா தொழிற்சாலை மூடுகிற வரைக்கும் மாறவே இல்லை. 57 வருஷம்.

"மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று வந்ததே" என்று நீங்கள் கேட்கலாம். வந்தது. 1962இல் மார்க் 2. கிரில் கட்டம் கட்டமாக மாறியது. 1975இல் மார்க் 3. கிரில் படுக்கைக் கோடுகளாக மாறியது. 1979இல் மார்க் 4. கிரில் மறுபடியும் கட்டம், இந்தத் தடவை பெரிய கட்டம். பெரியப்பா ஸ்டாண்டில் உட்கார்ந்துகொண்டு தூரத்தில் வருகிற வண்டியின் முகத்தைப் பார்த்தே எந்த மார்க் என்று சொல்லிவிடுவார். பின்னால் இருந்து பார்த்தால் அவராலும் சொல்ல முடியாது. பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஒவ்வொரு தடவையும் முகத்துக்கு மட்டும் பவுடர் போட்ட கதை.

உள்ளே மாற்றமே இல்லை என்று சொல்லமாட்டேன், அது அநியாயம். ஆரம்பத்தில் இருந்த பழைய சைடு வால்வு என்ஜினை 1959லேயே எடுத்துவிட்டு 1489 சிசி ஓவர்ஹெட் வால்வு என்ஜின் வைத்தார்கள். மார்க் 4 காலத்தில் டீசல் என்ஜின் வந்தது. எங்க கொட்டகையில் நிற்பது அதுதான். 37 குதிரைத்திறன். இந்த டீசல்தான் வாடகை வண்டிக்காரர்களுக்கு வாழ்வு கொடுத்தது. பெட்ரோல் போட்டு ஸ்டாண்டில் நின்றிருந்தால் பெரியப்பா இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்திருக்க முடியாது. 1990இல் நோவா வந்தது. அதற்குக் கொஞ்சம் பின்னால் ஜப்பான் இசுசு என்ஜினோடு 1800 ஐ.எஸ்.இசட். வந்தது. ஐந்து கியர், கியர் தரைக்கு இறங்கியது, முன்சீட்டு இரண்டாகப் பிரிந்தது. ஓட்டிப் பார்த்தவர்கள் "அம்பாசிடரா இது, பறக்குது" என்றார்கள்.

ஆனால் காலத்தைப் பாருங்கள். மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில். இசுசு என்ஜின் வந்தது அதற்குப் பத்து வருஷம் கழித்து. பக்கத்து வயல்காரன் போர் போட்டு மோட்டார் வைத்து இரண்டு போகம் எடுத்த பிறகு, நாம் ஏற்றத்துக்குப் புதுக்கயிறு வாங்கின மாதிரி.

ஏன் இப்படி ஆனார்கள்? இதில்தான் சென்னைத் தம்பியோடு எனக்குச் சண்டை. போட்டி இல்லாமல் அரசாங்கம் வேலி கட்டிக் காத்தது. வெளிநாட்டுக் கார் உள்ளே வர முடியாது, புது கம்பெனி ஆரம்பிக்க லைசென்ஸ் கிடைக்காது. இந்துஸ்தான், பிரீமியர், ஸ்டாண்டர்டு என்று மூன்றே பேர். காசைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வண்டி எடுத்த காலம் அது. வாங்குகிறவன் வரிசையில் நிற்கும்போது விற்கிறவனுக்கு எதை மாற்ற வேண்டும் என்று தோன்றும்? அதிலும் பெரிய வாடிக்கையாளர் அரசாங்கமே. தண்ணீர் தானாகப் பாயும் மடைக்கு யாரும் வாய்க்கால் வெட்டுவதில்லை. 1980களின் நடுவில் வருஷத்துக்குச் சுமார் 24,000 வண்டி விற்றது. கடைசி வருஷத்தில் ஏறக்குறைய 2,200. வேலியைப் பிரித்ததும் மாடு மேயப்போன இடத்திலேயே படுத்துவிட்டது.

இங்கே நம்ம மெட்ராஸ் கதையையும் சொல்லணும். வண்டலூர் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கும் பூர்வீகம் இங்கிலாந்துதான். அவர்கள் ஹெரால்டு காரை வாங்கி, இரண்டு கதவு நமக்குச் சரிப்படாது என்று நான்கு கதவு வைத்தார்கள். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் உண்டு. உருப்படியான வேலை. குடும்பமாக ஏறுகிறவன் நாட்டுக்கு நான்கு கதவு வேண்டும் என்று யோசித்தவன் யாரோ, அவன் கையைப் பிடித்துக் குலுக்கலாம். ஆனால் அதே கம்பெனி 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. உடம்பு இங்கிலாந்தின் ரோவர், பார்க்க ராஜா மாதிரி இருக்கும். என்ஜின் பழைய வேன்கார்டு. அந்த என்ஜின் வம்சம் ஒரு காலத்தில் ஃபெர்குசன் டிராக்டரில் ஓடினது. பட்டு வேட்டி கட்டிய உழவு மாடு. மூன்று வருஷத்தில் கதை முடிந்தது. பழைய உடம்பில் புது என்ஜின் வைத்தவனும், புது உடம்பில் பழைய என்ஜின் வைத்தவனும் ஒரே தப்பைத்தான் இரண்டு பக்கத்திலிருந்து செய்தார்கள் என்று எனக்குத் தோன்றும்.

"அப்ப இங்கிலாந்துக்காரன் மட்டும் மாத்தி மாத்திக் கிழிச்சானா?" என்று பெரியப்பா இருந்திருந்தால் கேட்பார். நியாயமான கேள்வி. அம்பாசிடரின் கூடப் பிறந்த மூன்றாம் சீரிஸ் ஆக்ஸ்போர்டை அவர்கள் 1959லேயே நிறுத்திவிட்டார்கள். அதற்கடுத்தது வால் மாதிரி பின்பக்கம் நீட்டிக்கொண்டு புது உடம்போடு வந்தது. அதுவும் 1971இல் முடிந்தது. மோரிஸ் பெரிய கம்பெனிக்குள் போய், அது இன்னும் பெரிய கம்பெனிக்குள் போய், கடைசியில் மிச்சம் இருந்த ரோவர் 2005இல் திவாலானது. கௌலியில் இன்றைக்கும் தொழிற்சாலை ஓடுகிறது, ஜெர்மன்காரன் பி.எம்.டபிள்யூ. அங்கே மினி கார் செய்கிறான். மாற்றிக்கொண்டே இருந்தவனும் போய்விட்டான். அதனால் "மாறவில்லை, அதனால் செத்தது" என்று ஒரே வரியில் முடிக்கிறவர்களையும் நான் நம்பமாட்டேன். 1990களில் இங்கே செய்த அம்பாசிடர்கள் சிலவற்றை இங்கிலாந்துக்கே இறக்குமதி செய்து பழசை விரும்புகிறவர்களுக்கு விற்றும் பார்த்தார்கள். பேரன் தாத்தா வீட்டுக்குப் போன மாதிரி. அங்கேயும் பெரிசாகப் போணியாகவில்லை.

மாறாமல் இருப்பதே தப்பா என்றால், இல்லை. அதற்குச் சாட்சி அம்பாசிடருக்குப் பக்கத்திலேயே கொட்டகையில் நிற்கிறது. என் டிராக்டர், மாசி ஃபெர்குசன் 1035. இதுவும் இங்கிலாந்து வம்சம்தான். 1950களில் வந்த ஃபெர்குசன் 35இன் வழி வந்தது. சென்னையில் டாஃபே கம்பெனி 1960இல் தொடங்கி, இன்றைக்கும் அந்த வம்சம் விற்பனையில் இருக்கிறது. சிம்ப்சன் என்ஜின், பின்னால் மூன்று புள்ளியில் கலப்பையை மாட்டித் தூக்குகிற ஹைட்ராலிக். குதிரைத்திறனும் எங்க அம்பாசிடருக்கு ஏறக்குறைய சமம். இதையும் யாரும் பெரிசாக மாற்றவில்லை. ஆனால் இதைப் பார்த்து எந்தச் சென்னைத் தம்பியும் அழுவதில்லை, ஏனென்றால் இது சாகவில்லை. நாளைக்குக் காலையில் இதை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போகப்போகிறேன்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? எனக்குத் தெரிந்தது இரண்டு. செம்மண் கொல்லை 1960இல் எப்படியோ இப்போதும் அப்படியே. ரோடு அப்படி இல்லை. பெரியப்பா விருத்தாசலம் ரோட்டில் நாற்பதில் உருட்டின காலத்தில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக் போதும். நாலு வழிச்சாலையில் நூறில் போகிறவனுக்கு அது போதாது. அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகிற லாரிகளுக்கு நடுவில் ஓட்டிப் பார்த்தால் தெரியும். இன்னொன்று, டிராக்டருக்கு எப்போதுமே போட்டி இருந்தது. மகிந்திரா, ஸ்வராஜ் என்று பக்கத்தில் பக்கத்தில் ஆள் நின்றான். விலையையும் தரத்தையும் கவனிக்காமல் இருந்தால் அடுத்த வருஷம் யாரும் வாங்கமாட்டார்கள். விவசாயி கடன் வாங்கி எடுக்கிற சாமான், ஏமாற்றினால் ஊரே பேசும். தேவையில்லாததை மாற்றாமல் விட்டார்கள். அதுவும் ஒரு புத்திதான்.

அம்பாசிடர் மாறாமல் இருந்ததால் எங்களுக்குக் கிடைத்த லாபத்தையும் சொல்லாமல் விட்டால் பெரியப்பா ஆவி என்னை விடாது. ஜெயங்கொண்டத்தில் ஒரு மெக்கானிக் பாய் இருந்தார். பள்ளிக்கூடம் ஐந்தாவது வரைதான். அம்பாசிடர் என்ஜினை இறக்கி, பிஸ்டன், ரிங்ஸ், பேரிங் மாற்றி ஏற்றுவதற்கு அவருக்கு ஒரு வேப்பமரக் கிளையும் செயின் பிளாக்கும் போதும். சத்தத்தை வைத்தே எந்த வால்வு என்று சொல்வார். முப்பது வருஷம் ஒரே வண்டி என்பதால்தான் அந்த அறிவு அவர் கையில் தங்கியது. பழைய வண்டியின் கதவைக் கழற்றிப் புது வண்டிக்கு மாட்டலாம். முன்னால் டார்ஷன் பார், பின்னால் ஸ்பிரிங் பட்டை, பட்டை உடைந்தால் ஊர்க் கொல்லரே பார்ப்பார். தகடு கெட்டி, இடித்தால் தட்டி எடுத்து பட்டி பூசிவிடலாம். வண்டி உத்தர்பாராவில் பிறந்திருக்கலாம், வளர்த்தது இந்த மாதிரி ஆயிரம் பட்டறைகள்தான். 2013இல் இங்கிலாந்தின் டாப் கியர் நிகழ்ச்சி உலகத்திலேயே சிறந்த டாக்சி என்று இதற்குப் பட்டம் கொடுத்தது. அந்தப் பட்டத்தில் பாதி பாய்க்குச் சேரணும்.

இப்போது என் தம்பி வீட்டில் ஒரு புதுக்கார் இருக்கிறது. கம்பெனி பெயர் வேண்டாம். நல்ல வண்டி, ஏசி, ஏர்பேக் எல்லாம் உண்டு. போன மழைக்கு டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. வண்டி ஓடுகிறது, விளக்கு அணைய மாட்டேங்குது. பாயின் மகன் இப்போது பட்டறையைப் பார்க்கிறார், அவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார். "இது கம்ப்யூட்டர்ல பாக்கணும், நம்மகிட்ட அந்த மெஷின் இல்லண்ணே." திருச்சி போய், ஒரு நாள் வேலையை விட்டு, ஒரு சென்சாரை மாற்றிக்கொண்டு வந்தான். புதுக்கார் வேண்டாம் என்று சொல்லவில்லை. அக்காவை இன்றைக்குக் கும்பகோணம் கொண்டுபோகணும்னா நான் தம்பி காரைத்தான் கேட்பேன், அம்பாசிடரை இல்லை. ஆனால் பாயின் மகன் அந்த பானெட்டை மூடிய விதம் இருக்கே, அது எனக்கு அம்பாசிடர் போனதைவிடப் பெரிய வருத்தம். புது வண்டியைச் செய்கிறவர்கள் அந்தச் சோதிக்கிற கருவியையும் பயிற்சியையும் சின்ன ஊர்ப் பட்டறைக்குக் கட்டுப்படியாகிற விலையில் கொடுக்கச் சொல்லி யாராவது சட்டம் போட்டால், அதற்காக ஒரு போராட்டம் நடந்தால், கொடி பிடிக்க நான் வருகிறேன். அம்பாசிடர் பெயருக்கு அழுவதைவிட அது பிரயோஜனம். அந்தப் பெயரைக்கூட 2017இல் 80 கோடி ரூபாய்க்கு பிரான்சின் பியூஜோ கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள்.

எங்க வண்டிக்கு வருவோம். பெரியப்பா போய் ஏழு வருஷம் ஆகிறது. வண்டி ஓடி அதற்கு முன்னாலேயே நான்கு வருஷம். பழைய காரை மறுபதிவு செய்ய 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. அதற்கு முன்னால் எஃப்.சி. பார்க்கணும், அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்ததை அடைக்கணும், நான்கு டயர், பேட்டரி. கூட்டிப் பார்த்தால் ஒரு நல்ல கறவை மாடு வாங்கலாம். பெரியம்மாவிடம் ரிசார்ட் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாங்க.

"வாசல்ல நிறுத்தி வச்சி போட்டோ புடிக்கவா?"

"ஆமாம் பெரிம்மா."

"ஓடாதா?"

"ஓடாது. சும்மா நிக்கும்."

"இங்கயும் சும்மாதானே நிக்குது. குடுத்துடு. ஆனா அந்த ஹாரனை மட்டும் கழட்டி வச்சிக்கோ."

ஏன் ஹாரன் என்று நான் கேட்கவில்லை. ராத்திரி எந்நேரம் சவாரி முடிந்து வந்தாலும் தெருமுனையில் ஒரு தடவை அடிப்பார், கதவைத் திறக்கச் சொல்லி. நேற்று பாயின் மகனைக் கூப்பிட்டுக் கழற்றச் சொன்னேன். இரண்டு நட்டு, ஒரு ஒயர், ஐந்து நிமிஷம் ஆகவில்லை. டிராக்டர் பேட்டரியில் ஒயரைக் கொடுத்துப் பார்த்தார், அடித்தது. உள்ளே இருந்து பெரியம்மா எழுந்து வாசலுக்கு வந்துட்டாங்க.

சென்னைத் தம்பி, இதைப் படித்தால் போன் பண்ணுங்க. வண்டி தருகிறேன், நீங்கள் சொன்ன விலைக்கே. ஹாரன் மட்டும் நீங்கள் வேறு போட்டுக்கொள்ள வேண்டும்.